கயிற்றில் பதினெட்டுப் பில்லை

ஆறாம் குழி, மூன்றாம் மட்டம். திங்கள், காலை 6.20

பம்பு மூன்றும் ஓடுகின்றன. காற்று நன்றாக இருக்கிறது. கூரையில் புது விரிசல் இல்லை. வடக்குச் சுவரில் பனி கசிகிறது. நேற்றும் கசிந்தது.

மேலே உள்ள ஐந்து வாக்கியங்களும் என் கையால் எழுதியவை. எழுதி முடிப்பதற்குள் தேநீர் ஆறி, மேலே ஏடு கட்டிவிட்டது. பரவாயில்லை. திரும்ப வாசித்துப் பார்த்தேன். அதே பம்பு, அதே காற்று. நான் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

என் பெயர் காணிக்கைநாதன். கூரை பார்க்கும் வேலை. நீண்ட கம்பியால் கூரையைத் தட்டி, சத்தம் கேட்டு, ஓட்டையாகக் கேட்டால் சுண்ணாம்பால் குறி போடவேண்டும். இந்தக் குழி நிலாவின் தென்முனையில், வெயிலே விழாத ஒரு பள்ளத்துக்கு அடியில் இருக்கிறது. இங்கே பனிக்கல் வெட்டுகிறார்கள். உருக்கினால் தண்ணீர், பிரித்தால் காற்று. என் பாட்டனார் தங்கவயலில் குழி இறங்கியவர்களின் வம்சம். தங்கம் தீர்ந்த ஊரிலிருந்து தண்ணீர் தோண்ட இங்கே வந்தார். நான் இங்கேயே பிறந்தவன். பூமிக்குப் போனால் என் எலும்பு என்னையே தாங்காது என்கிறார்கள்.

இந்த வயதில் எப்படி எழுத வந்தது என்று கேட்பீர்கள். எங்களுக்கு எழுத்தே தேவைப்படவில்லை. பலகை, பொத்தான், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தலையில் மாட்டியிருக்கும் ஹெல்மெட் வாசித்துச் சொல்லிவிடும். அது சொல்லும், நாங்கள் தலையாட்டுவோம். எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்திலும் அதுதான் பாடம்.

விளக்கு அறையில் சலேத்து இருக்கிறாள். குழி இறங்குகிறவர்களுக்கு விளக்கு கொடுத்து வாங்குவது அவள் வேலை. அவளுடைய அம்மா வழியில் எழுத்து விடாமல் வந்திருக்கிறது. போன வருடம் அவளிடம் எனக்கும் சொல்லிக்கொடு என்று கேட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் சொல்லிக்கொடுத்தாள். காற்று வடிகட்டியைச் சுற்றி வரும் தாளின் பின்பக்கம்தான் என் நோட்டு. பம்பு மோட்டாரில் தேய்ந்து கழித்த கரித்துண்டைக் கூராக்கிக்கொண்டேன். அதுதான் பென்சில்.

இப்போது அவள் ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு ஷிப்டுக்கும் நாலு வரி. மட்டத்தில் பாட்டன் காலத்துக் கம்பித் தொலைபேசி ஒன்று சுவரில் இருக்கிறது, கையால் சுற்றுவதால் கைபேசி என்போம். கைப்பிடியைச் சுற்றினால் விளக்கு அறையில் மணி அடிக்கும். சற்று முன் அவளே அடித்தாள்.

"மாமா, எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"எத்தனை வரி?"

"நாலுக்கு மேல போய்டுச்சு."

"கம்பெனி காகிதம் தீர்ந்துடப் போவுது. நாலு வரி இல்லன்னா நாளைக்கு வெளக்கு கெடையாது, ஞாபகம் வெச்சுக்கோ."

இதை யார் கண்டெடுப்பார்களோ, அவர்களுக்கு வணக்கம்.

செவ்வாய், காலை 6.05

பம்பு மூன்றும் ஓடுகின்றன. இரண்டாவது பம்பு இருமுகிறது.

இன்று எங்களைக் குழியில் இறக்கும் கூண்டு வர நேரமானது. கூண்டுக் கதவில் வேலைவாய்ப்பு அறிக்கை ஒட்டியிருந்தது. மாதம் ஒருமுறை ஒட்டுவார்கள். தாளில் ஒட்டவேண்டும் என்று ஏதோ பழைய விதி. எங்களில் ஒருவரும் வாசிப்பதில்லை, ஹெல்மெட்தான் சொல்லும். எனக்கு எழுத்துப் பழக அதைவிட்டால் வேறு அச்சுத் தாள் கிடையாது. அதனால் இந்த அறிக்கைதான் என் பாலபாடம். நான் என் வாழ்க்கையில் முதன்முதலாக நானாக வாசித்த சொற்கள் "மிகக் குறைவு".

அன்றைக்கு என்னால் அடக்க முடியவில்லை. கூண்டுக்கு நின்றவர்களைப் பார்த்து உரக்க வாசித்தேன். தென்முனை வட்டாரம். நிலத்தடிப் பணியாளர். வாய்ப்பு: மிகக் குறைவு. ஒரு சொல் விடாமல் வந்துவிட்டது. நான் சிரித்தேன். வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் மேஸ்திரி துரைக்கண்ணு மட்டும் என் தோளைத் தட்டினான்.

இன்றைய அறிக்கையையும் முழுக்க வாசித்தேன். பயிர்க்கூடம்: நிரம்பியது. சமையற்கூடம்: நிரம்பியது. இயந்திரப் பராமரிப்பு: இயந்திரங்களே பார்த்துக்கொள்ளும். நிலத்தடிப் பணியாளர் என்ற இடத்தில் இந்த மாதம் "மிகக் குறைவு" இல்லை. வேறு எழுதியிருந்தது. புதிய சொல் என்பதால் விரலை வைத்துக்கொண்டு மெதுவாக வாசித்தேன். ஆறாம் குழி, வெள்ளிக்கிழமை மாலை மூடப்படும்.

மூடப்படும் என்ற சொல்லை இதற்குமுன் நான் வாசித்ததில்லை. சரியாக வாசித்துவிட்டேன் என்ற சந்தோஷம் முதலில் வந்தது. சொல்லின் பொருள் அதற்குப் பிறகுதான் வந்தது.

இறங்கியதும் கைபேசியில் துரைக்கண்ணு வந்தான். அந்தக் கம்பியில் ஒருவர் பேசினால் எல்லா மட்டத்திலும் கேட்கும்.

"அண்ணே, இனிமே கெட்ட சேதிய நீயே படிச்சுக்கலாம். அடுத்தவன் வாயைப் பாத்துக்கினு நிக்க வேணாம்."

"ஹெல்மெட் சொன்னா பொய்யா இருக்குமோன்னு ஒரு நெனப்பு இருக்கும்" என்று இரண்டாம் மட்டத்திலிருந்து யாரோ சொன்னான். "இவரு படிச்சாரு, முடிஞ்சுது."

புதன், காலை 7.00

இரண்டாவது பம்பு நின்றுவிட்டது. பழுது பார்க்கச் சொல்லிக் கேட்டேன். மூடப்போகும் குழிக்குப் பழுது பார்ப்பதில்லை என்று குழியை நடத்தும் இயந்திரத்தின் அறிவிப்புக் குரல் சொன்னது. மரியாதையாகத்தான் சொன்னது.

வேலை இல்லாதவர்களை இங்கே என்ன செய்வார்கள் என்று தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். இங்கே காற்று உழைக்கிறவர்களுக்கு. வேலை போனவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் உறக்கக் கூடத்துக்கு அனுப்புவார்கள். ஊசி போட்டுக் குளிரில் படுக்கவைப்பார்கள். வலிக்காது. வேலை வந்ததும் எழுப்புவார்கள். அப்படித்தான் தாளில் இருக்கிறது. நாலாம் குழி மூடியபோது சலேத்தின் புருஷன் போனான். அவளுக்கு விளக்கு அறையில் வேலை இருந்ததால் அவள் போகவில்லை. அவன் படுத்தபோது அவளுக்கு நரைக்கவில்லை. இப்போது முழுக்க நரைத்துவிட்டது. போனவர்களில் ஒருவரையும் இதுவரை எழுப்பவில்லை.

இன்று ஒரு நல்ல தாள் ஒட்டினார்கள். வடமுகக் குழி என்று புதிதாக ஒன்று திறக்கிறார்கள். ஒரே ஒரு கூட்டத்தை, அதாவது ஒரு மேஸ்திரியின் ஆட்களை, மொத்தமாக எடுப்பார்கள். ஆள் இறங்கி ஏறும் கணக்குப் பலகையில் தவறே இல்லாத கூட்டமாக இருக்கவேண்டும். அது நாங்கள்தான். மற்ற இரண்டு கூட்டத்தின் பலகையிலும் கறை இருக்கிறது. துரைக்கண்ணுவின் கூட்டம், விளக்கு அறை உட்பட, வடமுகக் குழிக்குப் போகிறது.

கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தது. ஹெல்மெட் சின்ன எழுத்தை வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடும், யாருக்கும் காதில் நிற்காது. எனக்கு நேரம் எடுக்கும் என்பதால் நின்றது. பணிக்காலம் ஆறு மாதம், அதன்பின் இயந்திரங்களைக் கொண்டு மீளாய்வு. அறுபதைக் கடந்தவர்களுக்கு வாய்ப்பு இல்லை.

இரண்டாவது வரி நான். கூட்டத்தில் அறுபதைக் கடந்தவன் நான் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு உறக்கக் கூடம்.

முதல் வரியை நான் ஒருவரிடமும் வாசித்துக் காட்டவில்லை. துரைக்கண்ணுவுக்குப் பேத்தி பிறந்து சில வாரந்தான் ஆகிறது.

கைபேசியில் சலேத்து கேட்டாள். "மாமா, அந்தச் சின்ன எழுத்த படிச்சியா?"

"படிச்சேன்."

"ரெண்டு வரியுமா?"

"ரெண்டும்தான்."

"நானும் படிச்சேன்" என்றாள். பிறகு, "தூங்கப் போறப்ப கரித்துண்டு உள்ள கொண்டுபோக விடமாட்டாங்க. அதுக்குள்ள எவ்வளவு எழுதணுமோ எழுதிக்கோ" என்றாள்.

வியாழன், காலை 6.40

ஒரு பம்பு ஓடுகிறது. காற்றில் லேசாக இரும்பு வாசனை.

பில்லையைப் பற்றி எழுதவேண்டும். வெளியாட்களுக்குத் தெரியாது.

குழி இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளைப் பில்லை உண்டு. மேலே பலகையில் ஆணி இருக்கும். இறங்கும்போது பில்லையை எடுத்துக்கொள்ளவேண்டும், ஏறியதும் திரும்ப மாட்டவேண்டும். ஆணி காலியாக இருந்தால் அந்த ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். பலகை நிறைந்தால் குழி காலி. இயந்திரம் அந்தப் பலகையை மட்டுந்தான் நம்பும்.

சட்டத்தில் ஒவ்வொருவனும் தன் பில்லையைத் தானே மாட்டவேண்டும். எங்கள் வழக்கம் வேறு. பாட்டன்மார் காலத்தில் கூரை சரிந்தபோது கூட்டத்தில் பாதிப்பேர் மேலே வந்து தங்கள் பில்லையை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்களாம். மீதிப்பேரைத் தேட ஆளில்லை. அதிலிருந்து கூட்டத்தின் பில்லை எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோர்ப்போம். கயிறு மேஸ்திரியின் இடுப்பில். இறங்கினால் எல்லாரும், ஏறினால் எல்லாரும். கடைசி ஆள் வரும்வரை மேஸ்திரி கயிற்றை அவிழ்க்கமாட்டான். ஒருவன் பின்தங்கினால் கூட்டமே நிற்கும். அதனால்தான் எங்கள் பலகையில் கறை இல்லை.

இன்னொன்று. இந்த மட்டத்தின் கோடியில் பழைய சுரங்கம் ஒன்று இருக்கிறது. பனிக்கல் தீர்ந்து விட்டுவிட்ட இடம். விளக்குக் கம்பிகூட அங்கே போகாது. அதன் கடைசிச் சுவரில் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக ஒரு எழுத்து வரி இருக்கிறது. என் அப்பா வியாகுலம் எழுதியது. அவர் இதே மட்டத்தில் மேஸ்திரியாக இருந்தார், குழி இறங்கியவர்களில் எழுதத் தெரிந்த கடைசி ஆள். நான் சின்ன வயதாக இருக்கும்போதே ஒரு சரிவில் போய்விட்டார். சாமி எழுத்து என்று அதைச் சொல்வோம். புதுவருடத்தன்று கூட்டமாகப் போய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். ஹெல்மெட்டுக்குக் கையெழுத்துத் தெரியாது. "அறியாத குறி" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். சலேத்து குழி இறங்குவதில்லை, அதனால் அவளும் அதைப் பார்த்ததில்லை. அது அப்பா சொன்ன ஜெபம் என்பார்கள் சிலர். பூமியில் உள்ள எங்கள் ஊரின் பெயர் என்பார்கள் சிலர்.

படிக்கப் பழகியபிறகு நான் இன்னும் அங்கே போகவில்லை. ஏதோ பயம். நாளை கடைசி ஷிப்ட்.

வெள்ளி, பிற்பகல் 3.30

கருவிகளை ஏற்றி அனுப்பிவிட்டோம். இயந்திரங்கள் காலையிலேயே மேலே போய்விட்டன. மட்டம் வெறிச்சென்று இருக்கிறது. கூரையைக் கடைசியாக ஒருமுறை தட்டிப் பார்த்தேன். நல்ல சத்தம். மூடுகிற நாளில் இப்படி ஒரு சத்தம்.

கைபேசியில் துரைக்கண்ணு.

"அண்ணே, கூண்டுல இடம் பத்தல. ரெண்டு நடையா ஏத்துறோம். மொத நடையில வரியா?"

"ரெண்டாவது நடையில வரேன்டா. கோடி வரைக்கும் ஒரு வாட்டி போய்ட்டு வந்துடறேன்."

"சாமி எழுத்தா?"

"ஆமா."

"சரி, படிச்சுட்டு வந்து எங்களுக்கும் சொல்லு. ரெண்டாவது நடைய விட்டுடாத."

ஹெல்மெட்டைக் கழற்றி இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். அங்கே போனால் அறியாத குறி, அறியாத குறி என்று கத்திக்கொண்டே இருக்கும். கைவிளக்கு போதும். தாளும் கரித்துண்டும் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளி. பழைய சுரங்கத்தின் கோடி

இங்கே கடிகாரம் இல்லை.

வாசித்துவிட்டேன். மூன்று முறை வாசித்தேன், தவறாக இருக்கக்கூடாது என்று. தவறில்லை. அப்பாவின் எழுத்து அழகு, ஒவ்வொன்றும் முட்டளவு.

"இங்கே எவனும் மூத்திரம் பெய்யக்கூடாது. இப்படிக்கு, வியாகுலம், மேஸ்திரி."

சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருடம் இதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறோம். எத்தனை பேர் இதன்முன் மண்டியிட்டிருக்கிறார்கள். என் கல்யாணத்தன்று மாலையோடு இங்கே வந்து கும்பிட்டேன். சலேத்தின் புருஷன் உறக்கக் கூடத்துக்குப் போகுமுன் இங்கே வந்து அழுதான்.

அப்பாவின் குரல் எனக்கு ஞாபகமே கிடையாது. இப்போது கேட்டது. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரோ சோம்பேறியைப் பார்த்துச் சொல்கிற குரல். வேறு எந்த ஜெபமாக இருந்தாலும் இவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்காது.

கீழே உட்கார்ந்து, தாளில் அதை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கூட்டத்துக்குக் காட்டவேண்டும். நான் மெதுவாகத்தான் எழுதுவேன்.

வெள்ளி. மூன்றாம் மட்டம். கடிகாரம் நின்றிருக்கிறது

திரும்பி வந்தபோது மட்டத்தில் விளக்கு இல்லை. கடிகாரம் 5.10-இல் நின்றிருக்கிறது. கடைசிப் பம்பும் நின்றுவிட்டது. கூண்டு வரும் இடத்தில் கூண்டு இல்லை. பொத்தானை அழுத்தினேன். எதுவும் இல்லை. கழற்றி வைத்த ஹெல்மெட்டை மாட்டிப் பார்த்தேன். அது பேசவில்லை. அதற்கும் இந்த மட்டத்தின் கம்பிதான் உயிர்.

மேலே தூரத்தில் ஒரு கொதிக்கும் சத்தம் கேட்டது. ஐந்தாம் குழியை மூடியபோது மேலிருந்து அதைக் கேட்டிருக்கிறேன். மண்ணை உருக்கிக் குழியின் வாயில் ஊற்றுகிறார்கள்.

கத்தினேன். பிறகு கத்துவதை நிறுத்தினேன், மூச்சு வீண்.

என்ன நடந்தது என்று உட்கார்ந்து யோசித்தேன். கயிறு. பலகை நிறைந்தால் குழி காலி. யாரோ கயிற்றை மாட்டியிருக்கிறார்கள்.

கைபேசிக்கு மின்சாரம் வேண்டாம். சுற்றினால் போதும். அதன் கம்பி சுவருக்குள் குழாயில் போகிறது. சுற்றப்போகிறேன்.

வெள்ளி. அதற்குப் பிறகு

சலேத்து எடுத்தாள். அவள் பேசியதை மறக்குமுன் எழுதுகிறேன்.

"யாரு?"

"நான்தாம்மா."

"மாமா, நீ எங்கிருந்து பேசுற?"

"கீழதான்."

"எந்தக் கீழ?"

"மூணாம் மட்டம்."

கைபேசியைக் கீழே போட்டுவிட்டாள் போலிருக்கிறது, கம்பியில் ஆடும் சத்தம். யாரையோ கூப்பிட்டாள். பிறகு துரைக்கண்ணு வந்தான். ரெண்டாவது கூண்டு ஏறியபோது இருட்டில் தலைகளை எண்ணினானாம். சரியாக இருந்ததாம். மற்றக் கூட்டத்து ஆள் ஒருவன் எங்கள் கூண்டில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறான். துரைக்கண்ணு வழக்கப்படி கயிற்றை அப்படியே மாட்டிவிட்டான். வடமுகக் குழிக்காரர்கள் பலகையைப் பார்க்க வந்து நின்றிருந்தார்களாம். எல்லாரும் கை தட்டினார்களாம்.

"அண்ணே, நான் எண்ணினேண்ணே. நெசமா எண்ணினேன்."

"தெரியும்டா."

சலேத்து இதற்குள் அறிவிப்புக் குரலிடம் சொல்லியிருக்கிறாள். கீழே ஆள் இருக்கிறான் என்று. அது சொன்னதை எனக்கும் கேட்கவைத்தாள். "ஆறாம் குழி காலி. பலகை நிறைவு. உங்கள் கூட்டத்துக்கு வாழ்த்துகள்." மனிதர் குரலில் சொன்னால் அது கேட்காது. மேஸ்திரி தன் கையால், தன் கட்டைவிரல் வைத்து, கயிற்றைப் பலகையிலிருந்து எடுக்கவேண்டும். எடுத்தால் இயந்திரம் வாயை உடைத்து ஆளை எடுக்கும். ஒரு நாள் ஆகும். காற்று அதுவரை தாங்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் எடுத்தால் பலகை பொய். பொய்ப் பலகைக் கூட்டம் வடமுகக் குழிக்குப் போகாது. எந்தக் குழிக்கும் போகாது. பதினேழு குடும்பமும் சலேத்தும் ஞாயிற்றுக்கிழமை என்னோடு உறக்கக் கூடத்துக்கு வருவார்கள். அந்தப் பேத்தியும் வருவாள்.

"எடு" என்று சலேத்து சொல்வது கேட்டது. "எட்றா. கைய வெச்சுக்கினு நிக்கிறியே, எட்றா."

"எடுக்கறேன் அக்கா. எடுக்காம இருப்பேனா? எடுக்கறேன்."

அவன் எடுக்கவில்லை. அவன் அழுகிற சத்தம் கம்பியில் வந்தது. சின்னப் பையனாக இந்தக் குழிக்கு வந்தவன். அவனைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

ஒரு பத்து நிமிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன். எழுதிப் பார்த்தால்தான் எனக்கு யோசனை வருகிறது.

எனக்கு மேலே வர ஆசை. அதை எழுதாமல் விட்டால் இந்தத் தாள் பொய்யாகிவிடும். மேலே வந்தால் எனக்கு ஞாயிறு வரை நேரம். பிறகு ஊசி. எழுப்பமாட்டார்கள். நானும் படித்தவன் இப்போது, தாளில் இருப்பது எனக்குத் தெரியும்.

அவர்களுக்கும் ஆறு மாதந்தான். அதற்குப் பிறகு மீளாய்வு. மீளாய்வு என்றால் என்ன என்று நாலாம் குழியில் பார்த்தோம், முடிந்ததும் உறக்கக் கூடம்தான். இந்த வட்டாரத்தில் நிலத்தடி ஆளுக்கு எங்கேயும் எதுவும் இல்லை. வடமுகக் குழி என்பதும் "இல்லை" என்பதன் இன்னொரு பெயர்தான். ஆனால் ஆறு மாதத்தில் ஒரு குழந்தை குப்புற விழும், தவழும், உட்காரும். துரைக்கண்ணுவை முறைத்துப் பார்க்கும். அவன் மூக்கைப் பிடித்து இழுக்கும்.

ஆறு மாதம் என்பது இரண்டு சொல்தான். எழுதிப் பார்த்தால் சின்னதாகத்தான் இருக்கிறது.

வெள்ளியா சனியா தெரியவில்லை

மறுபடி சுற்றினேன்.

"துரைக்கண்ணு, கயித்த எடுத்துட்டியா?"

"இல்லண்ணே. இதோ."

"எடுக்காத. அஞ்சாம் குழிக்குப் போற பழைய வழி தெறந்திருக்கு. சரிஞ்ச கல்லுக்குப் பின்னால ஒரு சந்து. காத்து வருது. நான் அந்தப் பக்கமா ஏறி வந்துடறேன்."

ஐந்தாம் குழியின் வாயை அடைத்த நாளில் அவன்தான் பக்கத்தில் நின்று கையெழுத்துக்குக் கட்டைவிரல் வைத்தவன். அங்கே வாய் கிடையாது. அது அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

"நெசமாவா அண்ணே?"

"நெசம்டா."

"காத்து வருதா?"

"சட்டை ஆடுது."

"அப்ப சரிண்ணே" என்றான். "பாத்து வா. கல்லு வழுக்கும்."

சலேத்து கைபேசியைப் பிடுங்கியிருக்கவேண்டும்.

"மாமா."

"சொல்லும்மா."

"சட்டை எந்தப் பக்கம் ஆடுது?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வடக்கு என்றேன்.

"வடக்கா" என்றாள். "சாமி எழுத்துல என்னா போட்டிருந்துச்சு?"

சொன்னேன். அவள் சிரித்தாள். நான் கேட்ட சிரிப்பிலேயே மோசமான சிரிப்பு அது, ஆனாலும் சிரித்தாள். துரைக்கண்ணுவிடம் சொல்வதும் கேட்டது. அவன் சிரிக்கவில்லை.

"வந்ததும் எழுதினதக் காட்டணும், மாமா. நாலு வரி."

"நாலுக்கு மேலயே இருக்கு."

"கம்பெனி காகிதம்" என்று சொல்ல ஆரம்பித்து அவளால் முடிக்க முடியவில்லை.

நான் வைத்துவிட்டேன்.

பழைய சுரங்கத்தின் கோடி

இங்கேயே வந்துவிட்டேன். மட்டத்தில் கைபேசி மணி விட்டுவிட்டு அடிக்கிறது. இங்கே வந்தால் மெலிசாகத்தான் கேட்கும். அங்கே இருந்தால் எடுத்துவிடுவேன். எடுத்தால் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

குளிர் ஏறுகிறது. விரல் மடங்கவில்லை. எழுத்து கோணலாகப் போகிறது. இந்த விளக்கு இருக்கும்வரை எழுதலாம். உறக்கக் கூடத்தில் இதுவும் கிடைத்திருக்காது. நான் பாக்கியசாலி என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

கண்டெடுப்பவரே. நீங்கள் யார், மனிதரா இயந்திரமா தெரியாது. ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால், தயவுசெய்து இதை வாசித்த இடத்திலேயே கிழித்துவிடுங்கள். நானே கிழித்திருக்கவேண்டும். கை வரவில்லை. நான் எழுதியது இவ்வளவுதான் இருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகென்றால், சத்தம்போட்டு வாசியுங்கள். அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் கெட்டுப்போகாது.

தாள்களைச் சுருட்டி விளக்கு டப்பியில் போட்டு அப்பாவின் எழுத்துக்குக் கீழே வைப்பேன். அங்கே யாரும் மூத்திரம் பெய்யமாட்டார்கள்.

கோடி

கைபேசி நின்றுவிட்டது.

மூச்சு வாங்குகிறது. தலை லேசாக இருக்கிறது. ஒரு சொல் எழுதினால் அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கவேண்டியிருக்கிறது. முதல்முதல் பழகியபோதும் இப்படித்தான். சலேத்து மேசையைத் தட்டுவாள்.

கூரையில் குறி போடும் சுண்ணாம்பு ஒரு துண்டு பையில் இருந்தது. அப்பாவின் வரிக்குக் கீழே சுவரில் எழுதினேன். வாயை உடைத்து யாராவது அவசரமாக வந்தால் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்கள். அப்பாவின் எழுத்தளவு பெரிதாக வரவில்லை. ஆனால் வரி நேராக வந்திருக்கிறது. விளக்கைத் தூக்கிப் பார்த்தேன். தவறில்லை.

அதையே இங்கும் எழுதுகிறேன். கடைசி ஷிப்டின் குறிப்பு

மூன்றாம் மட்டம்

பம்பு ஓடவில்லை. காற்று

கூரையில் புது விரிசல் இல்லை. கயிற்றில் பதினெட்டுப் பில்லை. பலகை சரி.

கீழே யாரும் இல்லை. நேற்றும் இல்லை.